பல்லைக் கடித்துக்கொண்டு

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு மாலை, அம்மா சுற்றிய கைமுறுக்கைக் கடித்தபோது இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து நாக்கின் மேல் வந்து நின்றது. மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். உடைந்த பல்லை அவர் பார்த்த நேரம் குறைவு. மற்றப் பற்களைத்தான் சிறு கண்ணாடியைத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா சார்?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பல வருடம் கொத்தாமலே அரைத்த அம்மியைப் போல என் கடைவாய்ப் பற்கள் மேடு பள்ளம் ஏதுமின்றி வழவழவென்று தேய்ந்திருந்தன.

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி வியக்கவே இல்லை. "கல்யாணமான வருசத்துலேயே எனக்குத் தெரியும். எலி எதையோ கொறிக்குதுன்னு மொதல்ல பயந்துபோயி எந்திரிச்சு லைட்டப் போட்டுப் பாத்தேன்" என்றாள். அம்மா இன்னும் பின்னுக்குப் போனாள். "சின்னப் புள்ளையிலயே கடிப்பாம்லா. வயித்துல பூச்சியா இருக்கும்னு வேப்பங்கொழுந்த அரைச்சு உருட்டிக் குடுத்தேன்" என்றாள். வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி, அதற்கு உரியவனுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறது. நான் ஊராருடைய வரவு செலவைப் பார்த்து வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவன். பட்டயக் கணக்காளன் அல்லன்; ஆனாலும் வாடிக்கையாளர்களுக்கு நான் ஆடிட்டர் அண்ணாச்சிதான். பிறர் கணக்கில் விடுபட்ட ஒரு ரசீதைக் கண்டுபிடித்துவிட்டுக் கர்வத்தோடு வீடு திரும்புகிற எனக்கு, என் வாய்க்குள் ஒவ்வொரு இரவும் நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பற்றிப் பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறோம் என்பது பல் உடைந்ததைவிட அதிகமாக உறுத்தியது.

இரவில் போட்டுக்கொள்ள ஒரு பல்காப்புத் தகடு செய்து கொடுத்தார் மருத்துவர். தகடு பல்லைக் காக்கும், ஆனால் கடிப்பதை நிறுத்தாது என்பதையும் சொன்னார். அப்போது அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதியது. ஓய்வாக இருக்கும் வாயில் உதடுகள் மூடியிருந்தாலும் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று தொடக் கூடாதாம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை சந்திக்க வேண்டுமாம். இதைப் படிக்கும் நீங்கள் இந்த நொடியில் உங்கள் பற்களைக் கவனித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் கவனித்தேன். தொட்டுக்கொண்டிருந்தன. இதைத் தளர்த்த என்ன வழி என்று கேட்டதற்கு, மனத்தைக் கொஞ்சம் லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனத்தை எந்தக் கையால் பிடித்து லேசாக வைப்பது என்று கேட்க நினைத்தேன். வாயில் பஞ்சு இருந்தது.

கம்பளிப்புழுவும் பேரேடுகளும்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் யின் யோகா என்ற பெயரை முதலில் சொன்னாள். "அப்பா, இதுல நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா கெடந்தாப் போதும்" என்று ஒரு காணொளியை அனுப்பினாள். சும்மா இருப்பதைப் பற்றிப் பெரியவர்கள் பாடி வைத்ததையெல்லாம் இந்த இடத்தில் மேற்கோள் காட்டத் தமிழில் எழுதுகிற எவருக்கும் கை துறுதுறுக்கும். நான் காட்டப்போவதில்லை. ஏனென்றால் அந்தக் காணொளியில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. காலை நீட்டிக் குனிந்து, முதுகைத் தளரவிட்டு, நெற்றியை ஒரு தலையணையில் சாய்த்து, அப்படியே ஐந்து நிமிடம் கிடந்தார்கள். நாம் பச்சிமோத்தானாசனம் என்று பள்ளியில் செய்ததன் சாயல் அதில் இருந்தது. ஆனால் முதுகு நிமிரவில்லை, கால்தசை முறுக்கேறவில்லை, கட்டைவிரலைப் பிடிக்கும் போட்டி இல்லை. அந்த இருப்புக்குக் கம்பளிப்புழு என்று பெயர். இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து வைத்து, கால்களைச் சற்றுத் தள்ளியே விட்டு, தலையைத் தொங்கவிட்டுக் கிடப்பது பட்டாம்பூச்சி. பழைய ஆசனங்களின் சாயல் இருந்தும் வேறு பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் பழகிய உடல் பழையபடி முறுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

எல்லா யோகாவும் நம்மிடமிருந்து போனதுதான் என்று மார்தட்டும் ஆசை எனக்கு இல்லை. யின் என்பது சீனச் சொல். மலையின் நிழல் விழும் பக்கத்தைக் குறித்தது. வெயில் படும் பக்கம் யாங். பாலி சிங்க் என்ற அமெரிக்கர் 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் சீனத் தற்காப்புக் கலையோடும் தாவோ மரபோடும் சேர்த்து இத்தகைய நீண்ட இருப்புகளைக் கற்பித்தார். அவரிடம் கற்ற பால் கிரில்லி, எலும்பு மூட்டுகளின் அமைப்பைப் பற்றிய படிப்பை அதனோடு சேர்த்தார். கிரில்லியிடம் கற்ற சாரா பவர்ஸ் வைத்த பெயர்தான் யின் யோகா. நம் நாட்டு ஆசனங்களும் அதில் கலந்திருக்கின்றன. சீன மருத்துவம் சொல்லும் ஆற்றல் நாளங்களும் கலந்திருக்கின்றன. நாளங்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு மாத இறுதியில் மகள் கேட்டபோது, மலையின் நிழல் பக்கம் என்ற பெயருக்காகவே செய்கிறேன் என்றேன். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் இருப்பவனுக்கு அதற்கு மேல் காரணம் தேவையில்லை.

தொடங்கும்போது கடையில் வாங்கிய ரப்பர் விரிப்பு, வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டு எழும்போது கூடவே எழுந்தது. ஆகவே பத்தமடைக்குப் போய் ஒரு பாய் வாங்கி வந்தேன். தாமிரபரணியின் ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறி மென்மையான கோரையில் நெய்த பாய்க்கு ஒரு குளிர்ச்சி உண்டு. அது எந்த வெயிலுக்கும் முழுவதும் போகாது. பட்டுப்பாய் வாங்க எனக்கு வசதியும் இல்லை, அதன்மேல் படுக்கத் துணிவும் இல்லை, சாதாரணப் பாய்தான். பின்னாளில் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936இல் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது அந்தப் பத்தமடையில்தான். மலேயாவில் மருத்துவராக இருந்தவர் அவர். யோகத்தை உலகறியச் செய்த ஒருவரையும், படுத்துக்கொள்ள ஒரு பாயையும் கொடுத்த ஊரிலிருந்து திரும்பும் பேருந்தில், பாயைச் சுருட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கலிஃபோர்னியாக்காரர்களின் யோகாவைப் பழகப் போகிறோமே என்று சிரித்துக்கொண்டேன்.

பாய் ஒன்று போதாது. கை தரைக்கு எட்டாத இடத்திலும், முழங்கால் அந்தரத்தில் தொங்கும் இடத்திலும் ஏதாவது முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இந்தப் பயிற்சியில் முக்கியம். முட்டுக்கொடுக்காத முழங்கால், விழுந்துவிடாமல் இருக்கத் தன் தசையை இறுக்கிக்கொண்டே இருக்கும். பிறகு தளர்வு எங்கிருந்து வரும்? அதற்கென்று கட்டைகள் விற்கிறார்கள். என்னிடம் அதைவிடப் பொருத்தமானவை இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் இருந்த என் சிறு அலுவலகத்துக்குள் இடுப்பளவு நீர் புகுந்து, அடித்தட்டில் இருந்த பழைய பேரேடுகள் எல்லாம் நனைந்து ஊதிப்போயின. காயவைத்த பிறகும் அவை பழைய கனத்துக்குத் திரும்பவில்லை. தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டு மச்சில் அடுக்கியிருந்தேன். பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியபோது ஒவ்வொன்றும் ஒரு முட்டுக்கட்டையின் உயரத்துக்குக் கச்சிதமாக வந்தது. அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு, ஒரு ஜமக்காளம், அலைபேசியில் ஒரு மணி. இவ்வளவுதான் என் சரக்கு.

விதிகள் மூன்றே. உடம்புக்கு உகந்த எல்லை வரை போக வேண்டும். அங்கே அசையாமல் இருக்க வேண்டும். அங்கே நேரம் கழிய விட வேண்டும். தசை சூடேறி வளைவதற்குச் சில நொடிகள் போதும். தசையைச் சுற்றியுள்ள சவ்வும், மூட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்களும் அப்படியல்ல. மெல்லிய பளுவை நெடுநேரம் தாங்கினால்தான் அவை இணங்கும் என்பது இதன் அடிப்படை. ஆகவே மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பழகியவர்களுக்கு அதற்கும் மேல். இருப்பிலிருந்து வெளியே வந்த பிறகு ஒரு நிமிடம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தொடையின் உள்ளே வெதுவெதுப்பாக ஏதோ பரவும். அதற்காகவே இதைச் செய்யலாம். எங்கள் பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்குகிறவனைப் பார்த்து "சவத்த விடுல" என்பார்கள். யோகாவில் கடைசியாகப் படுப்பதற்குச் சவாசனம் என்று பெயர் வைத்தவருக்கு நெல்லைச் சீமையில் யாரோ உறவினர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்று விதிகளில் எனக்குப் பிடித்துப்போனது மூன்றாவது. நேரத்தை எழுதி வைக்கலாமே! முதல் வாரத்திலேயே ஒரு அட்டவணை போட்டேன். தேதி, இருப்பு, வலது, இடது, நிமிடம், நொடி. ஜிஎஸ்டி வந்த பிறகு என் மாதம் என்பது 11ஆம் தேதி ஒரு தாக்கல், 20ஆம் தேதி ஒரு தாக்கல் என்று இரண்டு கரைகளுக்கிடையில் ஓடுகிற ஒன்று. அதற்குள் இதையும் ஒரு தாக்கலாகச் சேர்த்துக்கொண்டேன். வைகாசி முடிவதற்குள் மூன்று நிமிடம் ஐந்தாயிற்று. ஆனி பாதியில் ஆறைத் தொட்டேன். தொடக்கத்தில் முழங்காலைத் தாண்டாத கை இப்போது கணுக்காலைப் பிடித்தது. இதை மகளிடம் சொன்னபோது அவள், "அப்பா, எவ்ளோ நேரம்னு கேக்கலை. எப்படி இருக்குன்னு கேட்டேன்" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். அதுவும் கேள்வி முடிவதற்குள் சொன்ன பதில்தான்.

ஆடி மாதம், ஜூலை 20

ஜூலை 20ஆம் தேதி இரவு, நாற்பத்தொரு வாடிக்கையாளர்களின் தாக்கலையும் முடித்துவிட்டுப் பத்தரை மணிக்குப் பாயை விரித்தேன். அன்றைக்கு உறங்கும் அன்னம். முன்னங்காலை மடித்துத் தரையில் கிடத்தி, பின்னங்காலை நீட்டி, மடித்த காலின் மேல் உடம்பைச் சாய்த்துக் கிடப்பது. இடுப்பின் வெளிப்பக்கத்தில் ஆழமாக ஓர் இழுவை தெரிய வேண்டும். வலக்காலுக்கு ஆறு நிமிடம் என்று மணியை வைத்தேன். ஆடிக்காற்றில் சன்னல் கதவு ஒன்று கொக்கி போடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது நிமிடம் முடியும்போது முழங்காலின் உட்பக்கத்தில், ஊசியில் கோத்த நூலை ஒருவர் மெல்ல இழுப்பதுபோல ஒரு வலி தோன்றியது. இடுப்பில் அல்ல, முழங்காலில். தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் கழித்தல் கணக்கு: இன்னும் நான்கு நிமிடம்தானே.

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வந்து சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். எழுபத்தெட்டு வயது.

"என்னல, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பேசாதம்மா. இன்னும் ரெண்டு நிமிசம்."

"வலிக்கால?"

"வலிக்கத்தான் செய்யும்."

"வலிச்சாக் கால மாத்த வேண்டியதான? எவம்ல ஒன்னக் கெட்டிப் போட்டுருக்கான்?"

நான் பதில் சொல்லவில்லை. மணி அடிக்கும் வரை கிடந்தேன். அடித்தபின் எழ முயன்றேன்; முழங்கால் நிமிர மறுத்தது. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் அது நடந்தது. வாய் உடனே திறக்கவில்லை. தாடையின் இரு பக்கமும் பூட்டு விலகுவதுபோல ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. அதன் பிறகே பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. காதுக்கு முன்னால், கன்னத்தசை கல்லாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். தூக்கத்தில் கடிப்பதாக எல்லாரும் சொன்னார்கள். தூங்கும் என்னை நான் பார்த்ததில்லை என்பதால் அதை ஒரு மூன்றாம் மனிதனின் குற்றம்போல ஒத்துக்கொண்டிருந்தேன். இப்போது விழித்திருந்தேன். ஓய்வுக்கென்றே ஒதுக்கிய நேரத்தில், ஒருவரும் கேட்காத ஆறு நிமிடத்தை முடித்துக் காட்டுவதற்காக, சொல்லுக்குச் சொல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்று ஆயிரம் முறை பேசியிருப்பேன். அது ஒரு வழக்குத் தொடர் என்றுதான் நினைத்திருந்தேன்.

பொறுத்தவர்கள்

மறுநாள் பார்த்த இயன்முறை மருத்துவர், முழங்காலின் பக்கவாட்டு நார் புண்பட்டிருக்கிறது, உள்ளே குருத்தெலும்பு கிழியவில்லை, மூன்று வாரம் சம்மணம் போடாதீர்கள் என்றார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. மடித்த கால் வெளிப்பக்கமாகச் சுழல வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. அங்கே சுழற்சி தீர்ந்துவிட்டால், மீதியை முழங்காலிடம் தள்ளிவிடும். முழங்கால் கதவின் கீல் மாதிரி. மடங்கவும் நிமிரவும் தெரியும், சுழல அவ்வளவாகத் தெரியாது. என் இடுப்பில் சுழற்சி எங்கே தீர்கிறது என்பது பயிற்சியால் மட்டும் ஆவதில்லை. தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது, அது பொருந்தும் கிண்ணம் எவ்வளவு ஆழம் என்பவை ஆளுக்கு ஆள் வேறு. எலும்பில் எலும்பு முட்டிய பிறகு எத்தனை வருடம் பொறுத்தாலும் அது நீளாது. கிரில்லி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒன்றைச் சொல்வதற்கே செலவிட்டிருக்கிறார் என்பதையும், முதல் விதியில் எல்லை என்ற சொல்லுக்கு முன்னால் உகந்த என்ற சொல் இருந்ததையும் நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

மூன்று வாரச் சும்மாவில் இன்னொன்றும் படித்தேன். அது இன்றும் என்னை விடவில்லை. பல வாரம் நீட்சிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு வளைவு கூடுவது உண்மை. ஆனால் அப்படிக் கூடும்போது தசை உண்மையிலேயே நீண்டிருக்கிறதா, அல்லது அதே இழுவையைத் தாங்கிக்கொள்ளும் அளவு மட்டும் கூடியிருக்கிறதா என்று ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பல சோதனைகளில் கிடைத்த விடை இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. உடம்பு அப்படியேதான் இருக்கிறது; போதும் என்று சொல்கிற குரல்தான் தாமதமாக வருகிறது. என் அட்டவணையில் மூன்று ஐந்தாகி, ஐந்து ஆறானதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். வளர்ச்சி என்று நான் வரவு வைத்ததில் எவ்வளவு தளர்வு, எவ்வளவு காது கேளாமை என்று பிரிக்க வழி இல்லை. இரண்டும் ஒரே பத்தியில் ஒரே எண்ணாக விழுந்திருந்தன.

தாங்குவதில் நான் தேர்ந்தவன். பிறவியில் வந்ததல்ல, வீட்டில் கற்றது. அப்பா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அன்றைக்குக் கடையில் விற்பனையாள் உட்காரக் கூடாது. கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். இரவில் காலைச் சுவரில் ஏற்றி வைத்துப் படுத்திருப்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்பார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். முப்பது வருடம் பொறுத்ததற்கு அவர் ஆண்டது பெருமாள்புரத்துக்குத் தெற்கே மூன்று சென்ட். நான் அவரைக் கேலி செய்யவில்லை. அவருக்கு உட்கார அனுமதி இல்லை. எனக்கு இருந்தது; பாய் என்னுடையது, மணி என்னுடையது, வீடு என்னுடையது. ஆறு நிமிடம் என்ற முதலாளியை நானே கூலிக்கு அமர்த்திக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்த வாரத்தில் அலுவலகச் சேற்றை அள்ளியபோது வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு எவ்ளோ நட்டம்?" என்று கேட்டார். எல்லாருக்கும் உள்ளதுதான் என்றேன். அப்போது அது பெருந்தன்மையாகப் பட்டது. பல்லைக் கடிக்கத் தொடங்கியது அந்த வெள்ளத்தில்தான் என்று இந்த இடத்தில் எழுத முடிந்தால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். ஆனால் கல்யாணமான வருடத்து எலியும், சின்ன வயது வேப்பங்கொழுந்தும் குறுக்கே நிற்கின்றன. எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பதைப் பார்த்தால் கம்பளிப்புழுவின் முதல் பாதி. ஒரு தொடர் ஓடி முடியும் அரை மணி நேரத்தில் அவள் எத்தனை முறை காலை மாற்றுகிறாள் என்று எண்ணினேன். ஒன்பது முறை. ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்து நடக்கவில்லை. கால் சொல்கிறது, அவள் மாற்றுகிறாள். இடையில் யாரும் பஞ்சாயத்துக்கு வருவதில்லை. இவளைத்தான் குருவாகக் கொள்ள வேண்டும் என்று நெகிழ்ந்துபோய் மனைவியிடம் சொன்னேன். அவள் நினைவூட்டினாள்: இதே அம்மாதான் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, ஒருவரிடமும் மூச்சு விடாமல் இரண்டு வருடம் தடவித் தடவி அரிசி களைந்தவள். ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "அது வலிக்கலையேல" என்றாள். குரு பீடத்தைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

எல்லைக்கு முன்னால்

ஆவணியில் மீண்டும் பாயை விரித்தேன். அட்டவணையை அழித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அழிக்கவில்லை, எழுதுவதை நிறுத்தினேன். உறங்கும் அன்னத்தை விட்டுவிட்டு, மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறு தொடையின் மேல் வைத்துத் தொடையை மார்பை நோக்கி இழுத்துக்கொள்கிறேன். இடுப்பில் அதே இடத்தில் அதே இழுவை; முழங்காலுக்கு மேல் உடம்பின் பாரம் இல்லை. கூரிய வலி, மரத்துப்போதல், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு என்று ஏதாவது மூட்டிலோ நரம்பு வழியிலோ தோன்றினால் நிமிடக் கணக்குப் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறேன். கர்ப்பிணிகளும், எலும்பு தேய்ந்தவர்களும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலி உள்ளவர்களும், மூட்டுகள் இயல்பிலேயே அளவுக்கு மீறி வளைகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் பழகுவது இதைவிடச் சிறிய ஒன்று. கம்பளிப்புழுவில் குனிந்து, என்னால் போக முடிகிற தூரத்துக்குப் போன பிறகு, அங்கிருந்து இரண்டு விரற்கடை திரும்பி வருகிறேன். வந்து, வேட்டி சுற்றிய பேரேட்டின் மேல் நெற்றியை வைக்கிறேன். வெள்ளத்தின் மண்வாசனை அதிலிருந்து இன்னும் முழுவதும் போகவில்லை. பிறகு பற்களைப் பார்க்கிறேன். முதல் மூச்சில் அவை பிரிந்திருக்கும். நாலைந்து மூச்சுக்குப் பிறகு, யாருக்கும் தெரியாமல் பின்கதவு வழியாக நுழைகிறவனைப் போல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அவை தொட்ட நொடியை இதுவரை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை, தொட்டபின்புதான் பார்க்கிறேன். பார்த்ததும் நாக்கை மேலண்ணத்தில் மெல்ல ஒட்டி வைத்தால் தாடை இறங்கும். மூச்சை உள்ளிழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். அந்த மெதுவில் தாடை சற்று நேரம் தங்கும். பிறகு மறுபடியும். ஐந்து நிமிடத்துக்குள் இது ஏழெட்டு முறை நடக்கிறது. ஓய்வு என்று இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் முடித்து எழும்போது தோள்கள் காதுகளைவிட்டு ஓர் அங்குலம் கீழே இறங்கியிருப்பது சட்டைக்குத் தெரிகிறது.

அலுவலகத்திலும் இது தொடர்கிறது, அழையாத விருந்தாளியைப் போல. வராத பணத்தை வந்ததாக எழுதச் சொல்லும் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது பற்கள் சேர்ந்துவிட்டதைக் கவனிக்கிறேன். முன்பெல்லாம் அத்தகையவரிடம், "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று சிரித்து அனுப்பிவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுவேன். சென்ற மாதம் ஒருவரிடம், இது என்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். குரல் உயரவில்லை. அவர் வேறு ஆளைப் பார்த்துவிட்டார். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் போயிற்று. இதை யோகாவின் பலன் என்று எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், நட்டக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

போன வாரம் பல் மருத்துவரிடம் மறுபடி போனேன். பல்காப்புத் தகட்டை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வலப்பக்கம் புதிதாக இரண்டு பள்ளங்கள். இடப்பக்கம் சென்ற முறை இருந்தபடியே இருக்கிறது என்றார். கடிப்பது நிற்கவில்லை, குறைந்ததா என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், ராத்திரி இப்போதும் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சத்தம் கேக்கலை. ஆனா அந்தத் தகட்டுக்குள்ள என்ன நடக்குன்னு யாரு கண்டா? இன்னைக்கு வேணும்னா முழிச்சிருந்து பாக்கேன்."

வேண்டாம், நீ தூங்கு என்றேன். பக்கத்து அறையில் அம்மா காலை மாற்றிப் போடும்போது பாயின் கோரை உரசும் சத்தம் கேட்டது.